எழுத்தும் கூலியும்

ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதுபவன் அப்பொருளை விற்பவனிடம் கூலி பெறலாமா? பெற்றானாயின் அதனைப் படிப்பவனுக்கு அறிவித்தல் வேண்டுமா? இவை வெவ்வேறான இரண்டு வினாக்கள். முன்னையது பிழைப்புப் பற்றியது. பின்னையது வாய்மை பற்றியது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் இரு திறத்தினர். கூலி பெற்ற எழுத்தெல்லாம் பொய்யே என்று வெறுப்பர் ஒரு சாரார். எழுதியது மெய்யாயிருப்பின் கூலியை மறைத்தலால் வருங் கேடு யாது என வினவுவர் மற்றொரு சாரார். இல்லத்தை அழகுபடுத்தும் முறைகளையும், தளபாடம், திரைச்சீலை, சுவர்வண்ணம் முதலிய வீட்டுப் பொருள்களின் அமைப்பழகையும் பற்றி இக்காலத்து இணையத்தில் எழுதுவோரிடையே இவ்வினா மிகுதியும் எழுகின்றது. எனினும் வினா புதியதன்று. பத்திரிகை மலிந்த காலந்தொட்டே மேனாட்டார் இதனோடு போராடி வந்திருக்கின்றனர். அப்போராட்டத்தின் வரலாற்றை அறிந்தார்க்கு இன்றைய நிலையும் எளிதில் விளங்கும்.

பரிசில் பெற்றுப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையின. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீள்வோன், வறுமையுற்று எதிர்வருவோனைக் கண்டு, தான் பெற்ற செல்வத்தை எடுத்துக் கூறி, அவ்வள்ளலிடம் அவனையும் ஆற்றுப்படுத்துவதே அவற்றின் பொதுவிலக்கணம். பொருநராற்றுப்படையிலே கரிகாலன் தனக்களித்த உணவும் உடையும் பிறவும் இவையெனப் பொருநன் விரித்துரைக்கின்றான். புகழ்கின்றவன் கொடை பெற்றவன் என்பது கேட்போனுக்குத் தெரியும். அதனைத் தெரிந்துகொண்டே அவன் அப்புகழுரையை மதிப்பிடுகின்றான். இன்றைய விளம்பரத்துக்கும் சங்கப் பாட்டுக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும், கொடை பெற்றதனைக் கூறிப் புகழ்தல் இழிவெனக் கருதப்படாத மரபொன்று உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

மேனாட்டுப் பத்திரிகையின் நிலை வேறு. 1833ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே பெஞ்சமின் டே என்பார் ‘சன்’ என்னும் நாளிதழைத் தொடங்கினார். ஏனைய இதழ்கள் ஆறு சதத்துக்கு விற்கப்பட்ட காலத்திலே அவர் தம் இதழை ஒரு சதத்துக்கு விற்றார். 1836ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே எமில் த ஜிரார்தென் என்பார் ‘லா பிரெஸ்’ என்னும் இதழைத் தொடங்கி, எண்பது பிராங்காக இருந்த ஆண்டுச் சந்தாவை நாற்பதாகக் குறைத்தார். இதழின் விலை அதனை அச்சிடுஞ் செலவுக்கும் போதாதாயிற்று. குறைந்த பங்கினை யார் ஈடு செய்தனர்? விளம்பரஞ் செய்தோரே ஈடு செய்தனர். அன்றுமுதல் பத்திரிகை இரண்டு எசமானரை உடையதாயிற்று. ஒருவன் சிறு காசு கொடுத்துப் படிப்பவன். மற்றவன் பெருங் காசு கொடுத்துப் படிக்கச் செய்பவன். படிப்பவன் கண்ணுக்குப் பின்னவன் புலப்படுவதில்லை.

விளம்பரம் தன் பெயரோடு தனக்குரிய கட்டத்துள் நிற்குமளவும் குற்றமில்லை. கடைக்காரன் தன் சரக்கைத் தானே புகழ்கின்றான் என்பதனைச் சிறுவனும் அறிவான். ஆனால் வணிகர் விரைவில் ஓருண்மையைக் கண்டுகொண்டனர். தன் சரக்கைத் தானே புகழ்தலினும் பிறனொருவன் புகழ்தல் வலிமை மிக்கது. அப்பிறன் கூலி பெற்றிலன் எனக் கேட்போன் நம்புவானாயின் அதன் வலிமை பன்மடங்காகும். ஆகவே செய்தி போலவும் கட்டுரை போலவும் எழுத்துருவும் தலைப்பும் அமைத்து, விளம்பரத்தைச் செய்திகளிடையே நுழைக்கும் வழக்கம் தோன்றிற்று. அதற்குப் பிரான்சில் ‘ரெக்லாம்’ என்று பெயர். அமெரிக்காவில் ‘படிக்கும் அறிவித்தல்’ என்று பெயர். புத்தகத்தையும் நாடகத்தையும் புகழ்வதும் இகழ்வதும் பாரிஸ் இதழ்களிலே விலைப்பொருளாயின. அந்நிலையை, 1837 முதல் 1843 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இழந்த மாயைகள்’ என்னும் நாவலிலே பல்ஸாக் சித்திரித்துள்ளார். நாட்டுப்புறத்திலிருந்து கவிஞனாக வந்த இளைஞன் ஒருவன் பத்திரிகை எழுத்தாளனாகித் தன் கருத்தை விற்கப் பழகும் கதை அது.

இவ்வழக்கத்தைச் சட்டத்தாற் கட்டுப்படுத்திய முயற்சிகளுள் தலையாயது அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நிறைவேறிய பத்திரிகை வெளிப்படைச் சட்டமாகும். இதழின் உரிமையாளர் யார், ஆசிரியர் யார், கடன் கொடுத்தோர் யார் என்பனவற்றை ஆண்டுக்கு இருமுறை வெளியிடுமாறு அச்சட்டம் விதித்தது. பணமோ பிற பயனோ பெற்று வெளியிடப்படும் எவ்வெழுத்தும் ‘விளம்பரம்’ என்று தெளிவாகக் குறிக்கப்படல் வேண்டும் என்றும், தவறியவர் ஐம்பது முதல் ஐந்நூறு டொலர் வரை தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. பத்திரிகையாளர் வாளாவிருந்தாரல்லர். எழுத்துச் சுதந்திரத்துக்கு இது தடையாகும் என உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். 1913ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பின் அடிப்படை கருதத்தக்கது. இதழ்கள் குறைந்த தபாற் கட்டணத்திலே நாடெங்கும் செல்கின்றன. மக்களுக்கு அறிவு பரவல் வேண்டும் என்னும் நோக்கத்தாலேயே அச்சலுகை வழங்கப்பட்டது. அதனைப் பெறுவோர், தாம் அனுப்புவதில் எது அறிவு, எது விளம்பரம் என்பதனை வேறுபடுத்திக் காட்டும் கடமையையும் ஏற்றல் வேண்டும். சலுகையோடு கடமையும் சேர்ந்தே வரும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இல்லப் பொருள்கள் பற்றிய எழுத்திலே இச்சிக்கல் வேறொரு வடிவில் தோன்றிற்று. 1885ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ என்னும் இல்லறச் சஞ்சிகை, 1900ஆம் ஆண்டில் வீட்டுப் பொருள்களைப் பரீட்சிக்கும் நிலையமொன்றை நிறுவிற்று. 1909ஆம் ஆண்டில், பரீட்சித்து ஒப்புக்கொள்ளப்பட்டது என்னும் முத்திரையை வழங்கத் தொடங்கிற்று. பரீட்சை நடத்தியது உண்மையே. ஆனால் முத்திரை பெற்ற பொருள்களின் விளம்பரத்தால் வாழ்ந்ததும் அதே சஞ்சிகையே. நடுவனும் வழக்காளியிடம் ஊதியம் பெறுவோனும் ஒருவனேயாயின் ஐயம் எழுதல் இயல்பன்றோ? 1939ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வாணிக ஆணைக்குழு அச்சஞ்சிகைமீது குற்றஞ் சாட்டிற்று. 1941ஆம் ஆண்டில் அதன் வழக்கங்கள் சிலவற்றைக் கைவிடுமாறு ஆணையிட்டது. அதன்பின் முத்திரையின் வாசகம் மாறிற்று. பொருளிற் குறையிருப்பின் மாற்றுப் பொருளேனும் பணமேனும் தரப்படும் என்னும் உறுதிமொழியே அதன் உள்ளீடாயிற்று. சொல்லத்தக்கதனை மட்டும் சொல்லும் நிலைக்கு முத்திரை வந்துசேர்ந்தது எனலாம்.

இதற்கு நேர்மாறான வழியைப் பற்றியோரும் உளர். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நுகர்வோர் ஒன்றியம் தோன்றிற்று. விளம்பரம் எதனையும் ஏற்பதில்லை, பரீட்சிக்கும் பொருளைக் கடையிலே பணங் கொடுத்தே வாங்குவது, சந்தாவினாலேயே வாழ்வது என்பன அதன் விதிகள். பால், சவர்க்காரம், காலுறை முதலிய அன்றாடப் பொருள்களே அதன் முதல் ஆராய்ச்சிக்கு உரியனவாயின. தன்னைப் பற்றிய அறிவித்தலைப் பணங் கொடுத்து வெளியிட அது முன்வந்தபோதும் பல பத்திரிகைகள் அதனை ஏற்க மறுத்தன. தம் விளம்பரகாரரின் கோபத்துக்கு அவை அஞ்சின. 1957ஆம் ஆண்டில் மைக்கல் யங் என்பாரின் முயற்சியால் இலண்டனில் ‘விச்?’ என்னும் சஞ்சிகை அதே நெறியிலே தொடங்கப்பட்டது. கிழக்கு இலண்டனிலே பெத்னல் கிறீன் பகுதியில் மாற்றியமைக்கப்பட்ட மோட்டார்க் கொட்டகை ஒன்றே அதன் முதற் காரியாலயம். இந்நெறி தூயது, ஆயினும் எல்லோர்க்கும் எளிதன்று. படிப்பவர் முழுச் செலவையும் தாமே தாங்க இசைந்தாலன்றி இது நிலைபெறாது.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் மறைவுக்கு இடம் பெருகிற்று. நிகழ்ச்சியொன்று பணம் பெற்று ஒலிபரப்பப்படின், பணங் கொடுத்தவர் பெயரை அறிவித்தல் வேண்டும் என அமெரிக்கச் செய்தித்தொடர்புச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. ஆனால் நிலையத்தார்க்குத் தெரியாமல், இசைத்தட்டுக்களைத் தெரிந்து ஒலிபரப்பும் அறிவிப்பாளர்க்கு இசைத்தட்டு வணிகர் கைக்கூலி கொடுத்து வந்தனர். மக்கள் விரும்பும் பாட்டு இது எனக் கேட்போர் எண்ணியது, பணத்தால் ஆக்கப்பட்ட விருப்பமாக இருந்தது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சட்டசபைக் குழுவொன்று இதனை விசாரித்தது. புகழ்பெற்ற அறிவிப்பாளர் அலன் பிறீட், கைக்கூலி பெற்றதில்லை என்று எழுதிக் கையொப்பமிட மறுத்துத் தம் பதவியை இழந்தார். 1962ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு முந்நூறு டொலர் தண்டம் இறுத்தார். 1960ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இவ்வாறு மறைவிற் பணம் பெறுதலைக் குற்றமாக்கிற்று. நிலையத்தார்க்கு அறிவித்து, அவர் வாயிலாகக் கேட்போர்க்கும் அறிவித்துப் பெறுவது குற்றமன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பிரித்தானியாவிலே வணிகத் தொலைக்காட்சி 1955ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. விளம்பரம் நிகழ்ச்சியினின்றும் தெளிவாக வேறுபடல் வேண்டும் என்பது அதற்கு அடிப்படையான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எனினும் ‘விளம்பரச் சஞ்சிகை’ என்னும் கலப்பு வகையொன்று அனுமதிக்கப்பட்டது. அவற்றுட் புகழ்பெற்றது 1957 முதல் 1963 வரை நடந்த ‘ஜிம்ஸ் இன்’ என்பது. சிற்றூர் மதுவிடுதியொன்றிலே ஊரார் கூடி அளவளாவுவர். அவ்வுரையாடலினிடையே வீட்டுப் பொருள்களின் பெயரும் விலையும் சிறப்பும் இயல்பாக வந்து கலக்கும். மக்கள் அதனை விரும்பிப் பார்த்தனர். ஆனால் 1962ஆம் ஆண்டில் பில்கிங்டன் குழுவினர், இது விளம்பரத்துக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள எல்லையை மயக்குகின்றது எனக் கண்டு, அதனை நீக்குமாறு பரிந்துரைத்தனர். பாராளுமன்றமும் அவ்வாறே தடைசெய்தது. அயலவர் பேச்சுப் போல வரும் விளம்பரமே மனத்தின் காவலை எளிதிற் கடக்கும் என்பதனை அக்குழுவினர் உணர்ந்திருந்தனர்.

இன்று இணையத்தில் இல்ல அலங்காரம் பற்றி எழுதுவோரின் எழுத்து அயலவர் பேச்சின் தன்மையை முற்றாக உடையது. எழுதுபவர் தம் வீட்டுக் கூடத்தையே படம்பிடித்துக் காட்டுகின்றார்; தம் கைப்படத் தீட்டிய சுவரைப் பற்றி எழுதுகின்றார். படிப்பவர் அவரை நண்பராகவே கொள்கின்றனர். இவ்வெழுத்து இலவசமாகக் கிடைக்கின்றது; ஆயினும் எழுதுபவருக்குச் செலவும் உழைப்பும் உண்டு. 2004ஆம் ஆண்டில் கிறேஸ் பொனி என்னும் அமெரிக்கப் பெண்மணி தனியொருவராகத் தொடங்கிய ‘டிசைன் ஸ்பாஞ்ச்’ என்னும் இணைய வெளியீடு 2019ஆம் ஆண்டு வரை நடந்தது. அதன்வழி 2011ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளிவந்தது. இத்தகைய முயற்சி பதினைந்தாண்டு நிலைத்தல் வேண்டுமாயின் வருவாய் இன்றியமையாதது.

அவ்வருவாய் வரும் வழிகள் பல. முதலாவது, பக்கத்தில் இடம் விற்று வெளிப்படையான விளம்பரம் வெளியிடுதல். இரண்டாவது, வணிகரின் அனுசரணை பெற்று அவர் பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதுதல். மூன்றாவது, பொருளையே இலவசமாகப் பெற்று அதனைப் பயன்படுத்திக் காட்டுதல். நான்காவது, தம் எழுத்தின் வழியே கடைக்குச் செல்வோர் வாங்கும் பொருளுக்குத் தரகு பெறுதல். ஐந்தாவது, தம் நூலையோ கைவினையையோ தாமே விற்றல். ஆறாவது, படிப்போரிடம் நேரே சந்தா பெறுதல். முதலாவதிலும் இறுதி இரண்டிலும் மறைவுக்கு இடம் மிகக் குறைவு. நடுவிலுள்ள மூன்றிலுமே வெளிப்படை தேவைப்படுகின்றது. ஏனெனில் அங்கே கூலியும் கருத்தும் ஒரே வாக்கியத்துள் வாழ்கின்றன. இலவசமாக வந்த ஒரு விளக்கோ கம்பளமோ கூலியன்று எனச் சிலர் கருதுவர். அது தவறு. பணமாக வரினும் பண்டமாக வரினும் மனத்தைச் சாய்க்கும் ஆற்றல் ஒன்றே.

மேற்குறித்த வாணிக ஆணைக்குழு, பொருள்களுக்கு நற்சாட்சி கூறுவோர்க்குரிய நெறிமுறைகளை 1980ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தது. 2009ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்தி, இணையத்தில் எழுதுவோரும் அவற்றுக்கு உட்பட்டவரே எனத் தெளிவாக்கிற்று. 2023ஆம் ஆண்டில் மீண்டும் திருத்திற்று. படிப்பவர் எதிர்பாராததும், அவர் மதிப்பீட்டை மாற்றக்கூடியதுமான தொடர்பு எழுதுபவர்க்கும் வணிகர்க்கும் இடையே இருப்பின், அதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்பதே அந்நெறிமுறைகளின் மையம். எங்ஙனம் வெளிப்படுத்தல்? காணத் தவறாத இடத்தில், சாதாரண மனிதருக்கு விளங்கும் சொல்லில், புகழுரைக்கு அண்மையில். கட்டுரையின் கடைசியிலே சிற்றெழுத்தில் இடுவதும், வேறொரு பக்கத்திலே பொதுவாகச் சொல்லி வைப்பதும் வெளிப்படுத்தலாகா. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுக் கட்டளையும், வணிகர் பணங் கொடுத்த எழுத்தை அதனைத் தெளிவுபடுத்தாமற் பத்திரிகை எழுத்தாகக் காட்டுதலை எந்நிலையிலும் விலக்கப்பட்ட செயல்களுள் ஒன்றாக வைத்தது. இந்தியாவின் விளம்பர நியம மன்றம் 2021ஆம் ஆண்டில் இதனையொத்த விதிகளை வகுத்தது.

விதியை மீறியோர்க்கு நிகழ்ந்ததை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் பழைய ஆடைக்கடைகளுள் ஒன்றாகிய ‘லோர்ட் அண்ட் டெய்லர்’, ஆடையழகு பற்றி எழுதும் ஐம்பதின்மருக்கு ஒரே வகை ஆடையை இலவசமாக அளித்து, ஒவ்வொருவர்க்கும் ஆயிரம் முதல் நாலாயிரம் டொலர் வரை கொடுத்து, ஒரே வார இறுதியில் அதனை அணிந்து இன்ஸ்டகிராமிற் படம் வெளியிடச் செய்தது. கடையின் பெயரைக் குறிப்பிடுமாறு ஒப்பந்தம் கட்டாயப்படுத்திற்று; பணம் பெற்றதைக் குறிப்பிடுமாறு கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அப்படங்களைக் கண்டனர். ஆடை முழுதும் விற்றுத் தீர்ந்தது. ஐம்பது பேர் ஒருங்கே விரும்பிய ஆடை எனக் கண்டவர் எண்ணினர்; உண்மையில் விரும்பியது ஒரு கடையே. 2016ஆம் ஆண்டில் ஆணைக்குழு கடைமீது நடவடிக்கை எடுத்து, இத்தகைய மறைவை இனிச் செய்யாதவாறு அதனைக் கட்டுப்படுத்திற்று. நடவடிக்கை எழுதிய ஐம்பதின்மர்மீதன்றிப் பணங் கொடுத்த கடைமீதே எடுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. மறைவிற் பெரும்பயன் பெறுபவனே பெரும்பொறுப்பும் உடையவன்.

இனி, வெளிப்படைக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டனை ஆராய்தல் தகும். கூலி பெற்றதைச் சொன்னாற் படிப்பவர் நம்பார் என்பது முதலாவது. சிலர் நம்பாமற் போகலாம் என்பது மெய்யே. ஆனால் அத்தடை தன்னைத்தானே வீழ்த்துகின்றது. உண்மையை அறிந்தால் நம்பார் என்பதனாலேயே மறைக்கின்றோம் என்பது, படிப்பவர் இசைவின்றி அவர் நம்பிக்கையை எடுத்துக்கொள்கின்றோம் என்பதேயன்றி வேறென்ன? அன்றியும், மறைவு ஒருமுறை வெளிப்பட்டால் கூலி பெறாது எழுதியனவும் ஐயத்துக்கு உள்ளாகும். ஒருவர் மறைத்ததனால் அவரை ஒத்த நேர்மையாளரும் ஐயுறப்படுவர். நம்பிக்கை ஊர்ப்பொதுக் குளம் போன்றது. ஒருவன் கலக்கினும் நீர் எல்லார்க்குமே கலங்கும்.

வெளிப்படுத்திவிட்டால் எதனையும் புகழலாம் என்பது இரண்டாவது. இது முன்னையதினும் நுட்பமான பிழை. ‘விளம்பரம்’ என்னும் ஒரு சொல்லைத் தலையில் இட்டுவிட்டால் அதன்கீழ் எழுதும் பொய் மெய்யாகிவிடாது. நற்சாட்சி கூறுவோர் தாம் மெய்யாகக் கொண்ட கருத்தையே கூறல் வேண்டும் என்பதும், பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்தியதாகக் கூறலாகாது என்பதும் அதே நெறிமுறைகளின் விதிகளாம். ஆகவே எழுதுவோர்க்குக் கடமை இரண்டு: பெற்றதைச் சொல்லல், பெறத்தகாததை மறுத்தல். புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், தம்மைக் காணாது அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்து, தாம் வாணிகம் போலப் பரிசில் கொள்வோர் அல்லர் என உணர்த்துகின்றார். அவர் வறியவர், பரிசிலை வெறுத்தவருமல்லர். எதனை எவ்வாறு பெறுவது என்பதில் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. எல்லை உடையவன் பெறும் கொடையே அவனுக்கு இழுக்காகாது.

படிப்போர்க்கும் பங்கு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துக்கு எவரோ ஒருவர் விலை கொடுத்தே இருக்கின்றார் என்பதனை அவர் மறத்தலாகாது. ஆகவே புகழுரை எதனையும் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இதனை எழுதியவர்க்குக் கூலி கொடுத்தவர் யார்? அக்கூலியை எழுதியவர் எவ்விடத்திற் கூறியுள்ளார்? இவர் இதற்குமுன் எப்பொருளையேனும் குறை கூறியதுண்டா? மூன்றாவது வினாவே மிகவும் பயனுடையது. எல்லாவற்றையும் புகழ்பவரின் புகழ்ச்சி எதனையும் அறிவிப்பதில்லை. மறுபுறம், கூலியை நேர்மையாகக் கூறி எழுதுபவரைக் கூலி பெற்றார் என்பதற்காகவே இகழ்தலும் தகாது. அவ்வாறு இகழ்வோர், மறைத்தலே இலாபம் என்னும் பாடத்தை எழுதுவோர்க்குக் கற்பிப்பவராவர்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகக் கருவிகள் மாறி வந்துள்ளன. ஒரு சத நாளிதழ் போய் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடித் திரை இருக்கின்றது. ஒவ்வொரு முறையும் வணிகர் மறைவிடந் தேடினர். ஒவ்வொரு முறையும் சட்டம் பிந்தி வந்து ‘சொல்’ என்றது. சட்டம் பிந்தியே வரும். அதன் இயல்பு அது. அது வருமுன் காவலாய் நிற்கத்தக்கவை எழுதுபவனின் நாணமும் படிப்பவனின் விழிப்புமே.